அந்த 3.5 சதவீதத்தில் யார் யார்? தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோபமாக வந்தவை. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் மட்டும் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஆனால் தமிழ்நாட்டில் வேலையின்மை 3.5 சதவீதம்தான் என்கிறார்கள். யாரை ஏமாற்ற இந்தக் கணக்கு?
வாசகர், விருதுநகர்

ஏமாற்றுக் கணக்கு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்கும் கேள்வி வேறு, அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறு.

3.5 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பில் வந்தது. பி.எல்.எஃப்.எஸ். என்று செய்திகளில் வருவது இதுதான். 2017-18-ல் இதை முதன்முதலாக எடுத்தபோது தமிழ்நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வந்தது. அப்போது அகில இந்திய அளவு 6.1, 2023-24-ல் 3.2. இரண்டு தடவையும் நாம் நாட்டின் சராசரிக்குச் சற்று மேலேதான் இருந்தோம்.

சரி, இதில் யாரை வேலையில்லாதவர் என்கிறார்கள்? மொத்த மக்களில் இத்தனை பேர் என்று எடுப்பதில்லை. வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் மட்டும் கூட்டி, அதில் தேடுபவர்கள் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். படிப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், தேடித் தேடி அலுத்து விட்டுவிட்டவர் யாரும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. அப்புறம், வருடத்தில் பெரும்பகுதி வேலை தேடினாலும் நடுவில் ஒரு மாதம், 30 நாள், ஏதாவது வேலை பார்த்திருந்தால் அவர் 'வேலையில் இருப்பவர்'. மாமா கல்யாண மண்டபத்தில் சீசனுக்குக் கணக்கு எழுதிய பையனும், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் நின்ற பெண்ணும் இப்படி வெளியே போய்விடுவார்கள். வாராந்திரக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. அதில் கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும்.

இந்த ஒரு மணி நேரத்தைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் இது நம் ஊரில் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. உலக அளவில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் வரையறைதான். வேலையின்மைக் காப்பீடு இருக்கும் நாட்டில் வேலை போனால் மனிதர் வீட்டில் உட்கார்ந்து வேறு வேலை தேட முடியும். இங்கே நாலு நாள் சும்மா இருந்தால் அடுப்பு எரியாத வீடுகள் நிறைய. அவர்கள் கிடைத்ததைச் செய்கிறார்கள், கணக்கில் வேலைக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

உங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வரிசைகளைப் புரட்டுங்கள். 15 முதல் 29 வயதுக்காரர்களின் வேலையின்மை அதே ஆண்டில் அகில இந்திய அளவில் 10.2 சதவீதம். தமிழ்நாட்டில் அதைவிடக் கூடுதல். நாடு முழுவதற்கும் பார்த்தால், எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை 1 சதவீதம்கூட இல்லை. பத்தாவதும் அதற்கு மேலும் படித்தவர்களிடம் 6.5. படிப்பு ஏற ஏற வேலையின்மையும் ஏறுகிறது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாட்டுக்கு 28, நமக்கு 47 என்றது 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. இவ்வளவு பட்டதாரிகளை உருவாக்கிவிட்டு 3.5-ஐ மட்டும் காட்டிச் சந்தோஷப்படுவது சரியில்லை.

2023-24-ல் கேரளத்தில் வேலையின்மை 7.2, பீகாரில் 3. அப்படியானால் பீகார்தானே முன்னேறிய மாநிலம்?
வாசகர், கோயம்புத்தூர்

கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நல்ல கேள்வி. இந்த எண்ணைத் தனியாக வைத்துப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கேரளத்தில் ஒரு பட்டதாரி இரண்டு வருடம் காத்திருந்து வேலை தேட முடிகிறது. அப்பாவின் பென்ஷனோ அண்ணனின் வளைகுடாப் பணமோ தாங்கிக்கொள்கிறது. பீகாரில் அந்த வசதி பல வீடுகளில் இல்லை. வேலை தேட முடியாதவர் ரயிலேறிவிடுகிறார். ரயிலேறி எங்கே வருகிறார் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-23-ல் கிராமப்புறக் கட்டட வேலைக்குச் சராசரி நாள்கூலி கேரளத்தில் 800 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 ரூபாயை ஒட்டி, மத்தியப் பிரதேசத்தில் 300-க்கும் கீழே. வேலையின்மை நாட்டிலேயே மிகக் குறைவு என்று பெயர் வாங்கியிருப்பதும் அதே மத்தியப் பிரதேசம்தான்.

நான் பீடி சுற்றுகிறேன். கணக்கெடுக்க வந்தவர் 'என்ன வேலை' என்று கேட்டார், 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். நான் எந்தக் கணக்கில் வருவேன்?
வாசகி, தென்காசி மாவட்டம்

வந்தவர் அந்த ஒரு பதிலோடு நோட்டை மூடியிருந்தால் 92 என்று எழுதியிருப்பார். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. 92 என்றால் வீட்டுவேலை மட்டும். 31 மாதச் சம்பளம், 81 வேலை தேடுபவர், 91 படிப்பவர். 92-க்குப் போய்விட்டால் நீங்கள் தொழிலாளர் பட்டியலிலேயே இல்லை.

நன்றாகப் பயிற்சி பெற்ற ஆள் அங்கே நிறுத்தமாட்டார். மடியில் சொளவு இருக்கிறதா, இலையும் தூளும் நூலும் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், ஆயிரம் பீடிக்கு எவ்வளவு, கழிவு என்று எத்தனையைத் தள்ளினார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்பார். உங்கள் மாமியார், 'அவ சும்மா இருக்கிற நேரத்துல சுத்துதா' என்று இடையில் சொன்னாலும் அதை எழுதமாட்டார். இந்த 'சும்மா'வில் கரைந்துபோன பெண்கள் எண்ணிக்கை கொஞ்சமில்லை. சிவகாசிப் பக்கம் வீட்டில் பட்டாசுக் குழாய் உருட்டுபவர், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுபவர், பூ கட்டுபவர் எல்லோரும் இதே கதைதான்.

சரியாகக் கேட்டால் நீங்கள் வேலையில் இருப்பவர், அதுவும் சுயதொழில் செய்பவர். சிரிப்பாக இருக்கும். இலை கம்பெனியுடையது, விலை கம்பெனி வைப்பது, ஆனாலும் வீட்டில் இருந்து எண்ணிக்கைக்குச் செய்தால் சுயதொழில் என்பதுதான் விதி. நாட்டில் வேலையில் இருப்பவர்களில் 58 சதவீதம் சுயதொழில் என்று படிக்கும்போது, எல்லோரும் கடை போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

2017-18-க்கும் 2023-24-க்கும் இடையில் நாட்டில் வேலைக்கு வரும் பெண்களின் விகிதம் 23.3-லிருந்து 41.7 ஆக ஏறியதற்கு ஒரு காரணம் இப்படி மெனக்கெட்டுக் கேட்டது என்று நான் நினைக்கிறேன். வீட்டு வயலிலும் கடையிலும் கூலியில்லாமல் உழைப்பவர்கள் கூடியது இன்னொரு காரணம். தமிழ்நாடு 2017-18-லேயே அகில இந்திய அளவைவிட நல்ல மேலே இருந்தது, அதனால் நம் ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இல்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. கணக்கெடுப்பு எப்படிப் போனாலும் போகட்டும், பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் பி.எஃப். எண்ணும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். வேறு யாராவது பெயரில் பாஸ் புத்தகம் ஓடுவது அந்தப் பக்கம் சகஜம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். இனி அதில் பலன் உண்டா?
வாசகர், அரியலூர்

குறைவு. ஆனால் விட்டுவிடாதீர்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அரசு வேலைக்கும் பொது விளம்பரம் தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பதிவு மூப்பின் பலம் பெரும்பாலும் போய்விட்டது. 2022-ல் மாநிலப் பதிவேட்டில் 70 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதை 'வேலையில்லாதவர் 70 லட்சம்' என்று மேடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள். பள்ளி மாணவர்களும், வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்குப் பதிந்தவர்களும் அதற்குள்தான்.

பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை இல்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600. இவ்வளவுதான் தொகை. இன்று பஸ்ஸுக்குக்கூடக் காணாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மகன் பி.இ. முடித்துவிட்டு மூன்று வருடமாக குரூப் 4-க்குப் படிக்கிறான். தனியார் வேலைக்குப் போ என்றால் முகம் கொடுக்கமாட்டேன் என்கிறான். என்ன சொல்லிப் புரியவைப்பது?
தாயார், திண்டுக்கல்

முதலில் அவன் பக்கம் பேசிவிடுகிறேன் அம்மா. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500-ல் ஆரம்பம். அகவிலைப்படி எல்லாம் சேர்ந்தால் எங்கேயோ போகும். பி.இ. முடித்தவருக்கு சின்னக் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டாயிரம் என்று சொல்லி, கூடவே மாதத்துக்கு இரண்டு ஞாயிறும் வரச் சொல்கிறார்கள். அவன் சோம்பேறி இல்லை. கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதை நீங்கள் போட்டுக் காட்டுங்கள். 2024-ல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம் பேர் அளவு. இடங்களைப் பிறகு கூட்டினார்கள், அப்படியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல். 2025-ல் அறிவித்தது 3,935 இடம்தான். இத்தனைக்கும் தகுதி பத்தாம் வகுப்பு. அதற்கு எஞ்சினியர்கள் வரிசையில் நிற்பது கல்லூரிகளைப் பற்றியும் கம்பெனிகள் தரும் சம்பளத்தைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறது.

என் கருத்து இது: இரண்டு தேர்வு தீவிரமாக எழுதலாம். கட் ஆஃப் பக்கத்தில் வந்திருந்தால் மூன்றாவதும் எழுதலாம். பத்து இருபது கேள்வி பின்தங்கி நிற்பவர் அதையே முழுநேரமாகப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. 26, 27 வயதில் பயோடேட்டாவில் நான்கு வருடம் வெற்றிடமாக இருந்தால் இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான். காலையில் வேலை, இரவில் படிப்பு என்று தேறியவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை அவனை எடுத்துவரச் சொல்லுங்கள், அதை வைத்துப் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பையனை இழுக்காதீர்கள்.

இ.பி.எஃப்.-இல் மாதாமாதம் லட்சக்கணக்கில் புதிதாகச் சேருவதாகச் செய்தி வருகிறதே, அவ்வளவும் புது வேலையா?
வாசகர், சேலம்

இல்லை. 20 பேர் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயம். 19 பேரோடு பத்து வருடம் ஓடிய பட்டறையில் ஒருவர் சேர்ந்தால் இருபது பேரும் அந்த மாதம் 'புதியவர்கள்'. வேலை முறைப்படுத்தப்படுவதை அது காட்டும். அதுவும் நல்லதுதான்.

மகளுக்கு ஒரகடம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலும் தருகிறார்களாம். அனுப்பலாமா?
தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

அனுப்பலாம். நாட்டில் தொழிற்சாலை வேலை அதிகம் தரும் மாநிலம் தமிழ்நாடு, ஏறக்குறைய 15 சதவீதம் இங்கே. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் நம் மாநிலத்தில்தான். பெண்களுக்கு இரவு ஷிப்ட் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண்கள் உடல்நலம் கெட்டு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதையும் மறக்கவேண்டாம். அந்தப் பக்கம் விடுதிகள் கொஞ்சமாவது மாறியது அதற்குப் பிறகுதான்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேலை கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்? நாட்டில் முறைசார்ந்த ஆலைத் தொழிலாளர்களில் நாற்பது சதவீதம் பேர் இப்போது கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே போர்டை மாட்டும் இரண்டு பெண்களுக்கு இரண்டு சம்பளம். 'டிரெய்னி', 'அப்ரண்டிஸ்' என்று எழுதியிருந்தால் எத்தனை மாதம், அப்புறம் நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் முதல் மாதமே வருமா? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது எல்லாத் தொழிலாளருக்கும் உண்டு.

இன்னொன்று, இந்த வட்டாரத்து வேலை ஒரே ஆலையை நம்பி இருக்காது என்று மகளுக்குச் சொல்லி வையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் மூடியது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. டிப்ளமோ இருந்தவர்கள் வேறு கம்பெனிக்கு நகர்ந்தார்கள். முடிந்தால் வேலையோடு அஞ்சலில் ஏதாவது படிக்கட்டும்.

வடமாநிலத்தவர் வந்ததால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. இதை ஏன் எழுதமாட்டேன் என்கிறீர்கள்?
வாசகர், ஈரோடு

உண்மை இல்லை என்பதால். உங்கள் தெருவில் சும்மா இருக்கும் பட்டதாரி கேட்கும் வேலையும், சாயப்பட்டறையிலும் செங்கல் சூளையிலும் அவர்கள் செய்யும் வேலையும் ஒன்றில்லை. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3. அங்கே ஆள் அதிகம், இங்கே கூலி அதிகம். 2023 மார்ச்சில் தாக்குதல் என்று பொய் வீடியோ பரவி அவர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்கியதும் திருப்பூர் முதலாளிகள் எப்படிப் பதறினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை முதலாளிகள் கூலியை ஏற்றமாட்டார்கள். அதற்குக் கேட்க வேண்டியது குறைந்தபட்சக் கூலியை எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி. வந்தவரை விரட்டச் சொல்லி இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் வேலையின்மை எத்தனை சதவீதம் என்று எங்கே பார்ப்பது?
கல்லூரி மாணவி, தருமபுரி

பி.எல்.எஃப்.எஸ்.-இன் பழைய அறிக்கைகளில் மாவட்ட எண் கிடையாது. மாதிரி வீடுகள் அதற்குப் போதாது. 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படையாக வைத்து வீடுகளைத் தேர்வு செய்கிறார்கள், மாத அறிக்கையும் வருகிறது. ஆனால் மாத எண் அகில இந்தியாவுக்கு மட்டும்தான். புராஜெக்டுக்கு என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பதிவான தொழில்களையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நூறு நாள் வேலைப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். எந்த மாதத்தில் எத்தனை பேர் வேலை கேட்டு வந்தார்கள் என்று வரிசைப்படுத்தினால், உங்கள் ஊரில் எந்த மாதம் வேலை வற்றுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.