திண்ணையில் பத்து டம்ளர்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 72. ஊர் தங்கச்சிமடம். நாற்பது வருஷம் கடலும் கரையுமாக இருந்தவன். இரண்டு விசைப்படகுக்குச் சம்மாட்டி, அதாவது உரிமையாளர். மனைவி இறந்த மறு வருஷம், 2023இல், மூன்று பெண்களையும் உட்கார வைத்து, "கடைசி வரைக்கும் என்னை எப்படி வெச்சுக்குவீங்க?" என்று கேட்டேன். மூத்தவளும் நடுவுலவளும் கண் கலங்கப் பேசினார்கள். கடைக்குட்டி மட்டும், "இதெல்லாம் கேட்டு வாங்குறதாப்பா? முடிஞ்சதைச் செய்வேன்" என்றாள். கோபத்தில் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. படகுகளை மற்ற இருவர் பேருக்கு மாற்றினேன். வீட்டையும் அவர்களுக்கே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது டீசல் எவ்வளவு போட்டார்கள், இறால் என்ன விலைக்குப் போனது, எதுவும் என் காதுக்கு வருவதில்லை. கேட்டால் மாப்பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள். என்னோடு தொழிலுக்கு வந்த பழைய ஆட்கள் பத்துப் பேர் சாயங்காலம் திண்ணைக்கு வருவார்கள், உள்ளேயிருந்து டீ வரும். மூத்தவள் முதலில் "அஞ்சு பேர் போதும்" என்றாள். போன மாதம், "அவங்கல்லாம் எதுக்குப்பா வரணும்?" என்றுவிட்டாள். நடுவுலவள் வீட்டுக்குப் போனால், "அக்கா சொன்னது சரிதானே" என்கிறாள். நான் வந்தாலே இருவரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? இல்லையென்றால் இங்கே எப்படி இருப்பது?

பெயர் வேண்டாம்

பதில்:

ஐயா,

சோறு, கூரை, மருந்து உங்கள் உரிமை. அதைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். சம்மாட்டி அதிகாரம் படகோடு கைமாறிவிட்டது. டீசல் கணக்கைக் கேட்கும் அதே குரலில் மருந்துக்கும் காசு கேட்டால், மகள் இரண்டையும் ஒன்றாகவே தட்டிக் கழிப்பாள். இனிமேல் இரண்டையும் ஒரே பேச்சில் எடுக்காதீர்கள்.

டீயிலிருந்து தொடங்குவோம். பத்து டம்ளர், டம்ளர் 12 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 120, மாதம் 3,600. இரண்டு விசைப்படகு ஓடும் வீட்டுக்கு இது பெரிய காசில்லை. பத்தை ஐந்தாக்கி, ஐந்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியது திண்ணை யாருடையது என்ற வழக்கு. அதனால் "ஏழு பேருக்காவது கொடு" என்று பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு பேரத்திலும் நீங்கள்தான் ஒரு படி இறங்குவீர்கள். மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு தொகை வரட்டும். ஆட்களைக் கடைக்கு அழைத்துப் போய் உங்கள் கைக்காசில் டீ வாங்கிக் கொடுங்கள். மகள் அடுப்படியில் சாயங்காலம் பத்து டம்ளர் கழுவும் வேலையும் குறையும். அவள் பக்கம் இருக்கும் நியாயமான குறை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் குசுகுசுப்புக்கு முதலில் காதைப் பாருங்கள். பல வருஷம் டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்ற காதில் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். பெண் குரல் கேட்கும், ஆனால் சொல் பிரியாது, முணுமுணுப்பாகவே விழும். இப்படிக் காது மந்தமானவர் தன்னை அறியாமல் சத்தமாகப் பேசுவார், வீட்டில் உள்ளவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புத்திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சந்தேகத்தில் பாதி அங்கேயே தீரலாம்.

விடியுமுன் கரைக்குப் போய்ப் பழகிய உடம்புக்கு மூன்று மணி முழிப்பு நோயில்லை. முழித்ததும் நெஞ்சு கனக்கிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, வேட்டி தளர்ந்துவிட்டதா, 'இருந்து என்ன' என்ற எண்ணம் வருகிறதா? இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் மனம் சோரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

இனிப் பத்திரம். பதிவான செட்டில்மென்டை நீங்களாகவே ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் வழி. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். முதல் வேலை, பத்திர நகலை எடுத்து 'ஆயுள் வரை பராமரிக்க' என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பது. பலர் வழுக்குவது இங்கேதான். பத்திர எழுத்தர் 'அன்பின் பேரில்' என்று எழுதி முடித்திருப்பார். நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. எனவே வாசகம் இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்க்காமல் விட வேண்டாம். பராமரிப்புத் தொகைக்குத் தனியாக மனு கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். வக்கீல் தேவையில்லை. வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

மனுவுக்கு முன் ஒரு முறை பேசிப் பாருங்கள். படகு போகாத நாளாக இருக்கட்டும். ஏலக் கூடத்திலோ மாப்பிள்ளைகள் முன்னாலோ வேண்டாம். பங்குச் சாமியாரோ, இருவரும் மதிக்கும் அத்தையோ கூட இருந்தால் போதும். சொல்ல வேண்டியது இவ்வளவே: "படகு உங்க பொறுப்பு, நான் கணக்குக் கேட்க மாட்டேன். மாசம் அஞ்சாம் தேதி என் கணக்குல இவ்வளவு போட்டுருங்க. கீழ் அறை என் ஆயுசுக்கும் எனக்கு." தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருமானம் இல்லாத அந்த மாதங்களில்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தம் முதலில் உடையும். பேசி முடித்ததை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 2023இல் செய்யாமல் விட்ட வேலை அது.

கடைக்குட்டியைப் பற்றி நீங்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. அவளுக்குப் போன் போடுங்கள். "உன்கிட்ட வந்து இருக்கவா" என்று கேட்க வேண்டாம். அக்காமார் கதையும் அன்றைக்கு வேண்டாம். "அன்னைக்கு நீ சொன்னது எனக்கு அப்ப விளங்கல" என்று சொல்லிவிட்டு, அவள் பேசும் வரை பொறுத்திருங்கள். காதுப் பரிசோதனைக்கு ராமநாதபுரம் போகும்போது துணைக்கு ஒருவர் வேண்டுமே, அவளை அழைக்கலாம்.