ஹேமரை இழுத்தாலும் சிலிண்டர் ஆடினால்

சிலிண்டர் (குண்டுகள் போடும் சுழல் உருளை) ஆடும் ரிவால்வரை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். கோயம்புத்தூர் கடையில் நீங்கள் பார்த்த இரண்டு பழைய .32 ரிவால்வர்களில் (கான்பூர் ஆலையில் செய்தவை), இரும்பின் மேல் நீலப் பூச்சு போனதே மேல். பூச்சு வெறும் மேல்தோல்தான்.

மற்றதில் ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) இழுத்து நிறுத்திய பிறகும் சிலிண்டர் ஆடுகிறது என்கிறீர்கள். அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியோ, சிலிண்டரில் உள்ள பள்ளமோ தேய்ந்திருக்கும். குண்டு இருக்கும் அறை குழலுக்கு நேராக நிற்காது. சுடும்போது குண்டின் ஈயம் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். கூட நிற்பவர் முகத்தில் படும். ஹேமர் இறங்கியிருக்கும்போது துளி ஆடினால் பரவாயில்லை.

மறுபடி கோயம்புத்தூர் கடைக்குப் போனால், முதலில் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஆறு அறைக்கும் ஹேமரை இழுத்து, சிலிண்டரை விரலால் அசையுங்கள். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதாது. அப்புறம் பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து, மேலும் கீழும் மெதுவாக ஆட்டுங்கள். இது நடுவில் மடங்கித் திறக்கும் வகை. கீலும் மேல்பூட்டும் தேய்ந்திருந்தால் ‘டக் டக்’ என்று கைக்கே தெரியும்.

காங்கேயத்துக்காரர் ஒருவர் தன் ரிவால்வரைக் கடை இல்லாமல் நேரடியாகத் தருகிறேன் என்றாரே, அவரிடம் இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இருவரிடமும் உரிமம் இருந்தாலும், அவர் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும்.