தானமாகக் கிடைத்த கல்லீரல் பொருத்தத் தக்கதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே எப்படி அறிகிறார்கள், ஸ்கேன் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நோயியல் மருத்துவர். நேரங்காலமில்லாமல் வந்துசேரும் கல்லீரல் பயாப்சிகளை, அதாவது சோதனைக்காக வெட்டியெடுத்த திசுத் துணுக்குகளை, பார்த்து அறிக்கை தருவதும் என் பணிகளில் ஒன்று என்பதால், அந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஸ்கேன் போதாது. கொடையாளரின் வயது, மதுப்பழக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலம், ரத்தத்தில் சோடியம், கல்லீரல் என்சைம்கள், ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் எல்லாம் முதலிலேயே பார்க்கப்படும். ஆனால் அவை கல்லீரலை எடுக்கப் போகலாமா என்பதற்கே பெரிதும் உதவுகின்றன. எடுத்ததைப் பொருத்தலாமா என்பதற்கு வயிற்றைத் திறந்த பிறகுதான் தெளிவு பிறக்கும். நல்ல கல்லீரல் செம்பழுப்பு நிறமாக, மென்மையாக, கூரிய விளிம்போடு இருக்கும். கொழுப்பேறியது மஞ்சள் பாய்ந்து, கனத்து, விளிம்பு மழுங்கிக் கிடக்கும். அறுவை மருத்துவரின் கண்ணும் விரலும் இன்றைக்கும் முதன்மையான கருவிகள்தாம் என்றாலும், கொழுப்பு நடுத்தர அளவில் இருக்கும்போது அவை ஏமாறுவதுண்டு. அப்போதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

எங்களிடம் வரும் துணுக்கை உறையவைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். சாயமேற்றும்போது பயன்படும் கரைப்பான்கள் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், அது இருந்த இடம் வெற்றுக் குழியாகத் தெரியும். குழிகளைப் பார்த்துக் கொழுப்பை மதிப்பிடுகிறோம் என்பதே உண்மை. துணுக்கை உப்புநீரில் மிதக்கவிட்டு அனுப்பினால், உறையும்போது உருவாகும் பனிக்கட்டிப் படிகங்களும் அதே போன்ற குழிகளை விட்டுச் செல்லும். இதை எத்தனை முறை சொன்னாலும் உப்புநீரில்தான் அனுப்புகிறார்கள்! உயிரணுவின் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளும் பெரிய துளிகளே கவலைக்குரியவை. சிறு துளிகள் அவ்வளவாகப் பொருட்டல்ல. பெரிய துளிகள் உள்ள அணுக்கள் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்கலாம், 60 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். இடைப்பட்டவற்றில், பெறுபவரின் உடல்நிலையையும் கல்லீரல் பனிக்கட்டியில் கழிக்கப்போகும் நேரத்தையும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பால் வீங்கிய அணுக்கள் நுண்ணிய ரத்தப் பாதைகளை நெருக்குவதால், ரத்த ஓட்டம் திரும்பும்போது அத்தகைய கல்லீரல் வேலையே தொடங்காமல் போகும் ஆபத்து அதிகம். அப்படியானால் நோயாளிக்குச் சில நாட்களுக்குள் இன்னொரு கல்லீரல் தேவைப்படும்.

ஆயினும் என் அறிக்கை சொல்வது கல்லீரலின் தோற்றத்தைத்தான், செயல்திறனை அல்ல. பனிக்கட்டியில் கிடக்கும் உறுப்பு எந்த வேலையும் செய்து காட்டாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே, 37 டிகிரி வெப்பத்தில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைச் செலுத்திக் கல்லீரலை உடலுக்கு வெளியே இயங்கவைக்கும் கருவி. இங்கிலாந்தின் பர்மிங்காம் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு மையங்கள் அனைத்தும் நிராகரித்த 31 கல்லீரல்களை இவ்வாறு சோதித்தார்கள். ஆக்சிஜன் குறையும்போது திசுக்களில் சேரும் கழிவான லாக்டேட், 4 மணி நேரத்துக்குள் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் குறைகிறதா என்பதே முக்கிய அளவுகோல்; பித்தம் சுரப்பது, குளுக்கோஸைப் பயன்படுத்துவது, ரத்தம் சீராக ஓடுவது ஆகியவையும் சேர்த்துக் கணிக்கப்பட்டன. தேறிய 22 கல்லீரல்கள் பொருத்தப்பட்டன. பெற்றவர்கள் அனைவரும் 90 நாட்களுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள்.

இவ்வளவு நல்ல முடிவிலும் ஒரு முள் உண்டு. அந்த 22 பேரில் 4 பேருக்குப் பித்தநாளங்கள் பின்னாளில் சுருங்கி, மறுபடியும் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. லாக்டேட்டை அகற்றுவது கல்லீரல் அணுக்களின் வேலை. பித்தநாளத்தின் உட்சுவரைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அந்த உட்சுவர் நலமாக இருந்தால் காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டைச் சுரந்து, குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பித்தத்தின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5க்கு மேல் இருக்கிறதா என்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கருவி வசதியுள்ள மையம் ஒன்றில் என் கருத்தைக் கேட்டால், பயாப்சி அறிக்கையில் கொழுப்பு 40 சதவீதமா 45ஆ என்று வாதிடுவதை விட, பித்தத்தின் இந்தப் பிஎச் அளவையே முதலில் கேட்டு வாங்கச் சொல்வேன்.