மாமனார் விடாத மருந்துச் சீட்டு

கேள்வி: ரங்கூன் தாம்வேயில் இருக்கிறோம். 2021-இல் மாமனாருக்குக் கோவிட் வந்தபோது வைபர் செயலியில் சுற்றிய மருந்துப் பட்டியலைப் பார்த்து நாங்களே வாங்கிக் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டார். இன்றும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே பட்டியல்தான்: அசித்ரோமைசின், டெக்ஸாமெத்தசோன், பாராசிட்டமால். போன வாரம் அவரே மூன்று நாள் போட்டுக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. "அன்றைக்கு இதுதானே காப்பாற்றியது?" என்கிறார். நான் என்ன சொல்வது?
– ஒரு மருமகள்

பதில்: அன்புச் சகோதரி, அன்று நீங்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் பலர் வேலையை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டருக்குத் தெருவில் வரிசை. மருந்து வேண்டுமென்றால் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளைத் துணி என்று வாசலில் கட்டித் தொங்கவிட்ட ஊர் இது. டாக்டர் கிடைக்காதபோது பட்டியல்தான் டாக்டர். சீட்டே கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் நமக்கு முன்பே பழக்கம்தானே.

ஆனால் அந்தப் பட்டியல்தான் காப்பாற்றியது என்பதற்கு என்ன சாட்சி? கோவிட் வந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறினார்கள். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. டெக்ஸாமெத்தசோன் விஷயம் வேறு. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் ஆக்ஸிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களிடையே அது சாவைக் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, உடம்பின் அழற்சியை அடக்கும் மருந்து. போட்டதும் காய்ச்சல் அடங்கும், பசி எடுக்கும், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். அதைப் பார்த்துத்தான் குடும்பமே மயங்கிவிடுகிறது. உள்ளே நோய் அப்படியே இருக்கலாம், சர்க்கரை தாறுமாறாக ஏறும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு இது விளையாட்டே இல்லை.

இன்னொன்று, மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருந்தால் டெங்குவில் ரத்தக்கசிவு வரலாம். பெயர் எழுதாத பொட்டலம் வீட்டுக்குள் வரவே வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலுக்குக் கேடு வரலாம்.

சரி, மாமனாரிடம் வாதம் பண்ணாதீர்கள். மாமனாரோடு வாதாடி ஜெயித்த மருமகளை நான் பார்த்ததில்லை. "மாமா, சும்மா ஒரு தடவை பார்ப்போம்" என்று சர்க்கரை பார்க்கும் மெஷினில் விரல் குத்தி, எண்ணை அவரையே படிக்கச் சொல்லுங்கள். 300-ஐத் தாண்டினாலோ, ஓயாமல் தாகமும் சிறுநீரும் இருந்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூன்று நாள்தான் போட்டார் என்றால் அப்படியே நிறுத்தலாம். வாரக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எத்தனை நாள் போட்டார் என்பதை அவரிடம் மட்டும் கேட்காதீர்கள், காலி அட்டைகளையும் எண்ணிப் பாருங்கள்.