உருகினால் ஏன் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது?

கேள்வி: உறைந்த ஐஸ்கிரீம் அளவாக இனிக்கிறது. அதுவே உருகிவிட்டால் திகட்டுகிறதே, ஏன்?

பதில்: சர்க்கரை என்னவோ அதே அளவுதான். குளிரில் நாக்கு மந்தமாகிவிடுகிறது.

சுவை செல்லின் சவ்வில் அயனிகள் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. உப்பென்றால் சோடியம் அயனி நேரே உள்ளே நுழைந்துவிடும். புளிப்பென்றால் அமிலத்தின் புரோட்டான்; அதற்கான வாயில் ஓடாப்1 என்று 2018இல்தான் கண்டுபிடித்தார்கள். இனிப்புக்கோ (கசப்புக்கும், காளான், இறைச்சிச் சாற்றில் வரும் உமாமிச் சுவைக்கும்கூட) சுற்றுவழி. சர்க்கரை மூலக்கூறு செல்லின் வெளிப்புற ஏற்பியில் ஒட்ட, உள்ளே சேமிப்பில் இருக்கும் கால்சியம் வெளிவருகிறது. அது டிஆர்பிஎம்5 என்கிற வாயிலைத் திறக்கிறது. பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், விஷயமே இதில்தான். சோடியம் பாய்ந்து, செல்லின் மின்னழுத்தம் மாறி, ஏடிபி என்கிற மூலக்கூறு வெளியேறி நரம்பை உசுப்புகிறது.

இந்த டிஆர்பிஎம்5 வெப்பத்துக்கு அடிமை. 15 டிகிரி செல்சியஸில் சோம்பிக் கிடக்கும். 35ஐ நெருங்கினால் சுறுசுறுப்பாகிவிடும். சுண்டெலிகளை வைத்து 2005இல் இதைக் காட்டினார்கள். அந்த வாயில் இல்லாத எலிகளின் சுவை நரம்பில், சர்க்கரைக் கரைசலைச் சூடாக்கியும் இனிப்பின் வேகம் கூடவில்லை.

நம்ப முடியவில்லையா? ஒரே அளவு சர்க்கரை கரைத்த தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மற்றதை வெதுவெதுப்பாக்கி, இரண்டையும் குடித்துப் பாருங்கள். குளிர்ந்ததை முதலில் குடித்தால் நாக்கு சற்று மரத்திருக்கும். அடுத்ததற்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.