இடதா வலதா? எந்த விஷயத்தில்?

முப்பது வருடம் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன் என்பதால் இந்த வாரம் பதில் சொல்ல என்னை மாட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், இந்த இடது, வலது எங்கிருந்து வந்தது?

உட்கார்ந்த இடத்திலிருந்து. 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் ஒரு விவாதம்: சபை போடும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டுமா? வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கம் சேர்ந்தார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம். அன்றைக்கு ஒரு கேள்விக்குப் பிடித்த இடத்தை வைத்துக்கொண்டு நாம் பஸ் கட்டணத்திலிருந்து கோயில் நிர்வாகம்வரை அளந்துகொண்டிருக்கிறோம்.

கேள்வி: அரசு தொழில் நடத்தக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் இடஒதுக்கீடு கட்டாயம் வேண்டும். "முதல்ல நீ யாருன்னு முடிவு பண்ணு" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நான் குழம்பிப் போயிருக்கிறேனா?

இல்லை தம்பி. கேள்வி இரண்டு, பதிலும் இரண்டு, அவ்வளவுதான். அரசியல் ஆய்வாளர்கள் பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018இல் வெளியிட்ட நூலில் இந்திய அரசியலை இப்படித்தான் பிரித்தார்கள். சமூக வாழ்க்கையிலும் சொத்துப் பங்கீட்டிலும் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பது ஒரு கோடு. பின்தங்கிய பிரிவினருக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்ய வேண்டுமா என்பது இன்னொன்று.

வகுப்பில் நான் ஒரு வேலை செய்வேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கேள்விக்கேற்ப நகர்ந்து நிற்கச் சொல்வேன். ரேஷன் அரிசி எல்லோருக்கும் வேண்டுமா? பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் போகும். மதுக்கடையை மூடலாமா? அதில் பாதி கதவுப் பக்கம் ஓடும். நாலாவது கேள்வியில், முதலில் தோளில் கை போட்டு நின்ற இருவர் எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாணவி கடைசிவரை நகரவே இல்லை. ஏனம்மா என்றால், "கால் வலிக்குது சார்."

கேள்வி: 1967இல் ராஜாஜியும் மார்க்சிஸ்ட்டுகளும் ஒரே அணியில் நின்றது சந்தர்ப்பவாதம்தானே?

தொகுதிக் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு முடித்துவிட்டால் அந்தத் தேர்தலே புரியாது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, 1959இல் 'லைசென்ஸ்-பர்மிட் ராஜ்', அதாவது எந்தத் தொழிலுக்கும் அரசிடம் அனுமதி கேட்டு நிற்கும் முறை, ஒழிய வேண்டும் என்று தொடங்கியது. பொருளாதாரக் கோட்டில் மார்க்சிஸ்ட்டுகளுக்கு நேர் எதிர் முனை. இருவரையும் திமுக அணியில் உட்கார வைத்தது வேறு ஒரு கோடு: இருபது வருடக் காங்கிரஸ் ஆட்சி போதுமா, போதாதா? அதன் பின்னால் 1965 மொழிப்போர், அரிசிப் பஞ்சம். 234 இடங்களில் திமுக தனியாகவே 137 பிடித்தது.

ராஜாஜியையே பாருங்கள். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965இல் அதே இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். இடப்பக்கம் நகர்ந்தாரா, வலப்பக்கமா? மொழி விஷயத்தில் மட்டும்தான் நகர்ந்தார். தொழில், வரி விஷயத்தில் எப்போதும்போல அதே ராஜாஜிதான்.

கேள்வி: பத்து சதவீத இடஒதுக்கீட்டில் மட்டும் கட்சிகள் ஏன் இப்படிக் கலைந்து நின்றன?

முன்னேறிய சாதி ஏழைகளுக்குப் பத்து சதவீதம் ஒதுக்க 2019இல் பாஜக அரசு கொண்டுவந்த மசோதாவுக்குக் காங்கிரஸும் வாக்களித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும், குறைகளைச் சொல்லிவிட்டு, வாக்களித்தது. திமுக எதிர்த்தது. அதிமுக மக்களவையில் வெளிநடப்புச் செய்தது. இடஒதுக்கீடு வறுமைக்கு மருந்தா, சாதியால் அடைபட்ட கதவுக்குச் சாவியா? முதலாவது என்றால் ஏழை முன்னேறிய சாதிக்காரருக்கும் உண்டு. இரண்டாவது என்றால் இல்லை. பணத்தை வைத்துப் போட்ட கோட்டில் இந்தச் சண்டை தெரியவே தெரியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, எங்கட பக்கம் இடதுசாரிகளை நம்பிக் கெட்டதுதான் மிச்சம். ஏன் அப்படி?

நியாயமான ஆதங்கம். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்ற கருத்தில் பேசியவர் இடதுசாரி சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 அரசியலமைப்பை முன்னின்று உருவாக்கிய அமைச்சரும் அவரே. அதில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். தோட்டங்களைத் தேசியமயமாக்குவதில் ஒருவர் இடதுசாரியாக இருந்துகொண்டே, அதிகாரத்தை எந்த இனத்தோடு பகிர்வது என்பதில் பெரும்பான்மை பக்கம் நிற்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றதையும் ஊகித்ததில்தான் பலர் ஏமாந்தார்கள்.

கேள்வி: ஆன்லைனில் நான்கு கட்டம் போட்டு நம் இடத்தைக் காட்டும் டெஸ்டுகளை நம்பலாமா?

பொழுதுபோக்குக்கு எழுதிப் பாருங்கள். இப்படிக் கட்டம் வரைந்தவர்களில் டேவிட் நோலன் முக்கியமானவர். அரசு எதிலும் முடிந்தவரை தலையிடக் கூடாது என்னும் அமெரிக்க லிபர்டேரியன் கட்சியை 1971இல் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கட்டத்தில் உச்சி மூலை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதிப் பார்த்த டெஸ்டில் சாதி பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

கேள்வி: டாஸ்மாக் இடதா, வலதா?

2003இலிருந்து சில்லறை மது விற்பனை அரசு கையில். பாடப்புத்தகப்படி பொதுத்துறை, அதாவது இடது. எந்தத் தோழரும் இதைச் சாதனையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: அப்போ இடது, வலதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். குறைந்தபட்சக் கூலி, மின்வாரியத்தைத் தனியாருக்குக் கொடுப்பது என்று வந்தால் அந்தப் பழைய கோடு இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. "நான் இரண்டும் இல்லை" என்பவரிடம் சொத்து வரி பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மச்சானோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. எப்படிச் சமாளிப்பது?

கட்சிப் பெயரை விட்டுவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் சாலைக்கோ சிப்காட்டுக்கோ நிலம் எடுப்பதைப் பற்றிக் கேளுங்கள். பாதி நாள் இரண்டு பேரும் ஒரே பக்கம் இருப்பீர்கள். மீதி நாளுக்கு, குழுவை மியூட்டில் போடுங்கள்.