மஞ்சளும் நித்தியகல்யாணியும்

அன்புள்ள அண்ணாச்சி,
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். ‘கீமோ கிளையைத்தான் வெட்டும், வேரான ஸ்டெம் செல்களை மஞ்சளின் குர்குமின்தான் கொல்லும்’ என்று சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பி, காப்ஸ்யூலும் வாங்கித் தந்துவிட்டார். ரசாயனத்தை நிறுத்திவிட்டு இயற்கைக்கு மாறலாமா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சித்தப்பா சொல்வதில் பாதி சரிதான். பதுங்கிக் கிடந்து நோயைத் திரும்பக் கொண்டுவரும் செல்களை 1990களில் கனடாவின் டொராண்டோவில் ஜான் டிக் என்ற ஆய்வாளர் ரத்தப் புற்றுநோயில் காட்டினார். 2003இல் மார்பகப் புற்றுநோயிலும் கண்டார்கள். ஆய்வகத் தட்டில் குர்குமின் அவற்றை ஒடுக்குகிறது. விழுங்கினால் குடலும் ஈரலும் அதை உருமாற்றிவிடும்; ரத்தத்தில் சேர்வது சொற்பம். வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ரசாயனம், இயற்கை என்று பிரிக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்கு ஏறுவதே ஒரு மரப்பட்டைச் சரக்குதான். 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்திலிருந்து உரித்தார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். தண்ணீரில் கரையாத அதை ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கரைக்கிறார்கள். அந்தக் கரைப்பான் ஒவ்வாமை தரும் என்பதால்தான் முதலில் ஸ்டீராய்டு போடுகிறார்கள்.

எங்கள் பக்கம் செவல்காட்டில் நித்தியகல்யாணி போடுவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, வேலிச் செலவு மிச்சம். இலை தனி, வேர் தனி என்று காயவைத்து மூட்டை கட்டுவார்கள். பெரியப்பா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டுதான் வியாபாரியிடம் விலை பேசுவார். அந்த இலையிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஒரு கிராம் எடுக்க 2,000 கிலோ சருகு வேண்டும். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று இதே இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழி கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஊசியில் ஏற்றியபோது வெள்ளையணுக்கள் சரிந்து, தொற்று வந்து எலிகள் செத்தன. அங்கிருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து வந்தது. ‘இயற்கை, பக்கவிளைவே கிடையாது’ என்பவரிடம் அந்த எலிகளைப் பற்றிக் கேளுங்கள். செடியில் இருப்பது வேறு, எந்த வழியில், எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்பது வேறு. படித்த பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறதே!

சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம், பாவம், அவருக்கும் பயம்தான். காப்ஸ்யூல் டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். ரசத்து மஞ்சள் பாட்டுக்கு இருக்கட்டும். அப்புறம், அம்மாவுக்கு விரல் நுனி மரத்துப்போகிறதா, ரவிக்கை ஊக்கு மாட்டத் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். இந்த மருந்தில் அது வருவதுண்டு. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார்கள்.